நிற்குமா என்று சொல்லும் புரோகிராம்

எண்பதுகளின் நடுவில், ஆரணியில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், இரண்டு கம்ப்யூட்டர்களை வைத்து நடந்த பயிற்சி மையத்தில் நான் பேசிக் என்ற புரோகிராம் மொழியைச் சொல்லிக்கொடுத்தேன். என்னோடு இன்னோர் ஆசிரியரும் இருந்தார். நெசவுக் குடும்பம், என்னைவிட மூன்று வயது மூத்தவர், கெட்டிக்காரர். எந்தப் புரோகிராமைக் கொடுத்தாலும் அது ஓடி நிற்குமா, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்குமா என்று சொல்லும் சோதனைப் புரோகிராம் ஒன்றை அவர் எழுதியிருந்தார். கடை முதலாளிதான் மையத்துக்கும் முதலாளி. அவருக்கு அது பிடித்துப்போய், தேர்வு திருத்தவே வைத்துவிட்டார்.

முதலில் அடிபட்டவள் ஒரு சேவூர்ப் பெண். அவள் எழுதியதற்கு "நிற்காது" என்று திரையில் வந்தது. ஃபெயில். களம்பூர் அரிசி ஆலையில் அவளுக்குக் கணக்கு வேலை பேசி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை சான்றிதழோடு போக வேண்டும். அன்று சனிக்கிழமை.

முதலாளியிடம் மூன்று விஷயம் சொன்னேன். சோதனை, பிள்ளைகளின் புரோகிராமை வரி வரியாகத் தானே செய்து பார்க்கிறது. வரிக்கு ஓர் அடி என்று எண்ணி, ஐயாயிரம் அடி போயும் முடியாவிட்டால் நிற்காது என்கிறது. அதற்கு அடுத்த அடியிலேயே புரோகிராம் நின்றாலும் சோதனைக்குத் தெரியாது.

"ஐயாயிரம் பத்தலன்னா லட்சம் வெச்சிக்கிறேன் மிஸ்," என்றார் ஆசிரியர். "எங்க வீட்ல தறியில மாட்டுற ஜக்கார்டு அட்டையில ஓட்டைங்கள பாத்தே முந்தானை எப்படி வரும்னு சொல்லிடுவோம். இதுவும் அட்டை மாதிரிதானே?"

"அட்டை தன்னைப் பத்தி யாருகிட்டயும் கேக்காது சார். புரோகிராம் கேக்கும்."

ஆறு வரி எழுதினேன். அது அவருடைய சோதனையைக் கூப்பிட்டு, தன்னையே அதனிடம் கொடுத்து, நான் நிற்பேனா என்று கேட்கும். சோதனை நிற்கும் என்றால் என் புரோகிராம் சுற்றும்; நிற்காது என்றால் நின்றுவிடும். ஓட்டினோம். சோதனை நெடுநேரம் எடுத்துக்கொண்டு "நிற்காது" என்றது. உடனே என் புரோகிராம் நின்றது.

"இது குசும்பு," என்றார் ஆசிரியர். அவர் காது சிவந்திருந்தது. "எந்தப் புள்ள இப்படி எழுதும்?"

"எந்தப் புரோகிராம்னாலும்னு சொன்னது நீங்கதானே சார். லட்சம் வெச்சாலும் இது இதையேதான் பண்ணும்."

"ரெண்டு பேரும் சண்ட போட்டுகினு பேஜார் பண்ணாதீங்க," என்றார் முதலாளி. "அந்தப் பொண்ணு எழுதுனது நிக்குமா, நிக்காதா?"

அங்கே மாட்டிக்கொண்டேன். அவள் தாளை நான் அதுவரை படிக்கவே இல்லை. சோதனை தப்பு என்பதால் அவள் சரி என்று ஆகிவிடாது.

அவள் புரோகிராமை ஓடவிட்டோம். கால் மணி ஆயிற்று, திரையில் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் நின்றிருந்த அவள், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நான் தாளைப் படித்தேன். இரண்டு எண்களின் மீப்பெரு பொது வகுத்தி. பெரியதிலிருந்து சிறியதைக் கழி. இரண்டும் சமமாகும்வரை திரும்பச் செய். ஒன்பது லட்சத்தையும் ஏழையும் கொடுத்திருந்தாள். தாளை ஆசிரியரிடம் நீட்டினேன்.

"நீ சொல்லு தம்பி," என்றார் முதலாளி.

தெரியவில்லை என்று ஆசிரியர் சொல்லியிருக்கலாம். வரிமேல் விரல் வைத்து இரண்டு முறை படித்தார்.

"ஒவ்வொரு தபாவும் கொறைஞ்சிகினே வருதுங்க. ஆனா பூஜ்யத்துக்குப் போவாது, அதுக்கு முன்னாடியே ரெண்டும் சமமாயிடும். நின்னுடும்."

முதலாளி திரையை ஒருமுறை பார்த்தார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பஸ் வந்துடும், ஜல்தியா கெளம்பும்மா."

அவள் சான்றிதழை வாங்கிக்கொண்டாள், கிளம்பவில்லை. "விடை வரட்டும் மிஸ்," என்றாள். நாங்கள் மூவரும் அவள் பின்னால் நின்றோம்.