மண்டியிட்டுக் கத்தியவள்

மசாக்காவில் எங்கள் நெஞ்சுநோய்க் கிளினிக்கில் மூச்சை ஊதவைத்து அளக்கும் மெஷின் நக்காயிஸாவின் பொறுப்பு. அந்த வேலைக்கு மூளை பாதி, தொண்டை பாதி. ஊதுகிறவர் நடுவில் விட்டுவிடாதபடி பக்கத்திலிருந்து, "ஊது! ஊது! விடாதே!" என்று கத்த வேண்டும். அவளோ பெரியவர்களைக் கண்டால் மண்டியிட்டு, தரைக்கு மட்டும் கேட்கிற குரலில் வணக்கம் சொல்லி வளர்ந்தவள். நரைத்த தலை உள்ளே வந்தால் குரல் உள்ளே போய்விடும். மருந்துக் கணக்குப் பார்க்கும் நான்தான் அவளுக்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருப்பேன்.

அன்று வந்தவர் முலிந்த்வா. இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன், அதனால் ஊருக்கு அவர் 'சலோங்கோ'. பெண் கேட்டு வரும் விழாக்களில் பெண் வீட்டுக்காகப் பேசுகிறவர். மாப்பிள்ளை வீட்டார் தும்மினாலும் அபராதம் போடுவார். இப்போதோ வாக்கியம் முடியுமுன் மூச்சு முடிந்துவிடுகிறது. காசநோய் என்று ஏற்கெனவே மாதக்கணக்கில் மாத்திரை தின்றாயிற்று.

"சளியில கிருமி இல்லை," என்றார் டாக்டர். "ஒழுங்கா ஊதினா ஆஸ்துமாவான்னு தெரிஞ்சிடும். இல்லேன்னா திரும்பவும் அதே மாத்திரைதான்."

"அப்புறம் எவன்... என்னைப் பேசக் கூப்பிடுவான்? நான் குடிச்ச கப்பையே... தூர வைப்பாங்க," என்றார் சலோங்கோ.

டாக்டர் தன் அறைக்குப் போனதும் நக்காயிஸா மண்டியிட்டாள். "ஐயா, கொஞ்சம்... ஊதுறீங்களா?"

பாதி ஊதிவிட்டுக் குழாயை எடுத்தார். "பியர் உறிஞ்சுற குழாய் மாதிரி இருக்கே! பியர் எங்கே?" மறுபடி பாதி, மறுபடி பேச்சு. திரையில் கோடு நொண்டியது.

"கத்தும்மா!" என்றேன்.

"அண்ணா, எங்கப்பாவைவிடப் பெரியவர்!"

அடுத்த அறையிலிருந்து டாக்டர் குரல் கொடுத்தார். "என்ன, மாத்திரை எழுதட்டுமா?"

நக்காயிஸா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மன்னிச்சுக்கோங்க ஐயா," என்று முணுமுணுத்தாள். பிறகு, மண்டியிட்டபடியே, "ஊதுய்யா! ஊது! ஊது! நிறுத்தினே, தொலைச்சிடுவேன்!"

வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்கள் குழாய் இல்லாமலே ஊதினார்கள். அதிர்ச்சியில் சலோங்கோவின் நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் மெஷினுக்குப் போயிற்று. திரையில் கோடு முழுசாகப் பதிந்தது: மூச்சுக்குழாய் இறுகியிருப்பது தெரிந்தது.

சலோங்கோ எழுந்து நின்றார். "பெரியவனை அதட்டினதுக்கு... அபராதம்! ஒரு சேவல்!"

"தர்றேன் ஐயா," என்றாள் தரையைப் பார்த்து. "இந்த மருந்தை உள்ளே இழுத்துட்டு இன்னொரு தடவை ஊதணும்."

கால் மணி நேரம் கழித்து, "ஊதுங்க ஐயா," என்றாள், பழைய குரலில்.

கிழவர் முறைத்தார். "இப்படிச் சொன்னா எனக்கு ஊத வராது. கத்து!"

கத்தினாள். இந்தக் கோடு முதல் கோட்டைத் தாண்டி ஏறியது. மருந்துக்கு மூச்சுக்குழாய் திறந்துகொண்டது; அப்படியென்றால் ஆஸ்துமாதான். டாக்டர் பழைய காசநோய்ச் சீட்டைக் கிழித்துப் போட்டார்.

"ரெண்டு அதட்டல், ரெண்டு சேவல், சனிக்கிழமை விழாவுக்குக் கொண்டு வந்துடு, வந்தா என் பக்கத்துலயே உட்காரு, மாப்பிள்ளை வீட்டானுங்களை அதட்ட எனக்கு ஒரு ஆள் வேணும்!" என்றார் சலோங்கோ.

நடுவில் ஓரிடத்தில்கூட மூச்சுக்கு நிற்கவில்லை.