கம்பெனி லீவில் பள்ளிக்கூடம் பார்க்கப் போனேன்

2006 தீபாவளி முடிந்த மறுவாரம் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் போனேன். ஊர் சுற்ற அல்ல. பள்ளிகள் எப்படி நடக்கின்றன என்று தரம் பார்த்து, பின்தங்கியவற்றுக்குக் கல்வித் துறையில் ஆசிரியரும் பணமும் ஒதுக்கப் போகிறார்கள். அந்தத் தரம் பார்க்கும் வேலை எனக்கு. இதே வேலையாக அந்தப் பக்கம் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

விருதுநகரில் காலை 7.15 பேருந்து. ஆமத்தூர் வழியாகச் சிவகாசி, ஒன்பது ரூபாய். அங்கிருந்து ஏழாயிரம்பண்ணைக்கு முக்கால் மணி நேரம், ஏழு ரூபாய். உட்கார இடம் கிடைத்ததில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஆட்டோ, நாற்பது ரூபாய். ரோடு ஏன் இப்படிக் காலியாக இருக்கிறது என்று ஓட்டுநரிடம் கேட்டேன்.

“கம்பெனியெல்லாம் லீவுல்ல சார். பட்டாசு வித்து முடிஞ்சிருச்சு. இன்னும் ஒரு மாசத்துக்கு ஆள் ஏத்துற வேன் ஓடாது. சனம் பூரா வீட்லதான் கெடக்கு.”

நான் போன தொடக்கப் பள்ளியில் ஐந்து வகுப்புக்கும் சேர்த்து ஜெயராணி என்ற தலைமையாசிரியையும் ஓர் இளம் ஆசிரியையும்தான். பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வந்திருந்தார்கள். ஐந்தாம் வகுப்பு முத்துமாரி ஒரு பக்கத்தைக் கடகடவென்று வாசித்துவிட்டு, “இன்னொரு பக்கம் வாசிக்கவா சார்?” என்றாள். வேறு பள்ளியாக இருந்தால் தலைமையாசிரியர் பூரித்துப் போயிருப்பார். ஜெயராணி டீச்சரின் முகமோ பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

“மார்க்கக் கொறச்சுப் போடுங்க சார். ஆடி மாசம் வந்து பாருங்க, பாதிப் பிள்ளைக இருக்காது. ஆத்தாமாரு விடியுமுன்ன வேன் ஏறிருவாக. மூத்த பொம்பளப்பிள்ளைக தம்பி தங்கச்சியப் பாத்துக்கிட்டு வீட்ல வெடிச்சரம் பின்னும். விட்ட பாடத்தையெல்லாம் இந்தச் சின்ன டீச்சர்தான் சாயங்காலம் வீடு வீடாப் போயிச் சொல்லிக் குடுக்கா. நல்ல பள்ளிக்கூடம்னு எழுதிட்டீகன்னா இவளையும் வேற பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிருவாக.”

படிவத்தில் ஆய்வு நாளன்று வந்தவர்களுக்குத்தான் கட்டம் இருந்தது. சீசனுக்கு ஏது கட்டம்? ‘ஆடியில் மறுபடி பார்க்க வேண்டும், இளம் ஆசிரியையை மாற்றக் கூடாது’ என்று ஓரத்தில் எழுதினேன். சிவகாசிக்கு வந்து எஸ்.டி.டி. போட்டு அலுவலகத்தில் கெஞ்சவும் செய்தேன்.

“மார்ச்சுக்குள்ள திட்டம் போயாகணும். ஆடி வரைக்கும் யாரு காத்திருப்பா?” என்றார் அதிகாரி. பள்ளிக்கு ‘ஏ’ கிரேடு கிடைத்தது.

பட்டாசு ஊர்களுக்குத் தரம் பார்க்கப் போகிறவர்கள் ஆனி, ஆடியில் போங்கள். காலைப் பேருந்தில் நிற்கக்கூட இடம் கிடைக்காது, இருந்தாலும் அப்போதே போங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், ஏழாயிரம்பண்ணை தாண்டினால் கடை கிடையாது. நான் எழுதி எதுவும் மாறிவிடும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. செவிடன் காதில் எத்தனை சங்குதான் ஊதுவது?

போன வாரம் ஜெயராணி டீச்சர் போன் செய்தார். இளம் ஆசிரியையைப் பின்தங்கிய பள்ளி ஒன்றுக்கு மாற்றிவிட்டார்களாம். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

“முத்துமாரி அழுதுக்கிட்டே வந்து நிக்கா சார். ‘அன்னிக்கு நான் எந்த எடத்துல தப்பா வாசிச்சேன் டீச்சர்’னு கேக்கா.”