மறுபடி உறைந்த இரண்டு புட்டிகள்

வகுப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எதிலும் முந்திக்கொள்வதால் அவசரக்குடுக்கை. அதுவும் நீளமாக இருக்கிறதென்று வெறும் குடுக்கை ஆக்கிவிட்டார்கள். செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அன்று காலை பச்சிளங்குழந்தை வார்டில் அவளுக்கு ஒரே வேலை: தாய்ப்பால் வங்கியிலிருந்து வந்த பாலை உருக்கி வைப்பது.

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த குழந்தை ஒரு கிலோகூட இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மூக்குக் குழாய் வழியாக மூன்று மில்லி பால். பெற்றவள் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் கண் திறக்காமல் கிடந்தாள். முகம் தெரியாத தாய்மார்கள் கொடுத்த பால் மூன்று புட்டிகள்தான் உறைபெட்டியில் இருந்தன. நாளுக்கு ஒன்று. மூன்று நாள் கழித்துதான் அடுத்தது வரும்.

குடுக்கை மூன்றையும் வெதுவெதுப்பான தண்ணீரில் இறக்கிவிட்டாள். உருகிய பிறகுதான் ஒன்று போதுமே என்று உறைத்தது. மீதி இரண்டையும் துடைத்து மறுபடி உறைபெட்டிக்குள் வைத்தாள். பாலைக் காப்பாற்றிவிட்டதாகவே நினைத்தாள்.

மதியம் சாப்பிடும்போது தோழியிடம் இதைச் சொன்னாள். தோழியின் கை பாதியில் நின்றது.

"அடிப்பாவி, உருகின பாலைத் திரும்ப உறைய வைக்கக் கூடாதுடி. கெட்டுப்போயிரும்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வாரம் ஃபார்ம் குடுத்தாங்கல்ல, பால் வங்கி பத்தித் தெரியுமான்னு. ஒருத்தியப் பாத்து ஒருத்தி 'நல்லாத் தெரியும்'னு டிக் அடிச்சோமே. எனக்குப் பயமாப் போய், அப்புறம் உக்காந்து படிச்சேன்."

குடுக்கை சாப்பாட்டு டப்பாவை மூடினாள். புட்டிகள் இந்நேரம் கல்லாக உறைந்திருக்கும். பார்த்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. வாயை மூடிக்கொண்டால் அவள் தப்பிக்கலாம். குழந்தையின் குடல் தப்பிக்குமா?

தலைமை சிஸ்டரிடம் சொல்லிவிட்டாள். சிஸ்டர் இரண்டு புட்டிகளையும் எடுத்துக் குப்பையில் போட்டார். வங்கிக்குப் போன் செய்தார். அங்கேயும் காலி. காலையில் உருக்கிய ஒரு புட்டி நாளைக் காலை வரைதான் வரும்.

"பக்கத்து வார்டு அம்மாங்ககிட்ட கேக்கட்டுமா சிஸ்டர்?"

"கேட்டு வாங்கி அப்படியே ஊத்திர முடியுமா? அவங்க ரத்தம் பாக்கணும், பாலைச் சூடாக்கணும், சோதிக்கணும். நாளைக்குள்ள நடக்காது. பவுடர் பால் இந்தக் குடலுக்கு ஆபத்து. இனி பெத்தவகிட்டதான் போகணும். அவ அக்கா வெளிய இருக்காங்க. நடந்ததை நீயே சொல்லு."

சொன்னாள். எதையும் மறைக்கவில்லை.

"என் தங்கச்சியால வேணாம்னுகூடச் சொல்ல முடியாது. அவகிட்ட போய்ப் பால் எடுக்கப் போறியா?" என்றாள் அக்கா.

"டாக்டர் எடுக்கலாம்னு சொல்லிட்டார்க்கா."

"உன் கையை நான் நம்பணும்?"

அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"நட. நானும் உள்ள வரேன்."

இரண்டு மணிக்குக் குடுக்கை மார்பைக் கையால் அழுத்திப் பார்த்தாள்; ஒன்றுமில்லை. நாலு மணிக்கும் ஒன்றுமில்லை. குடுக்கையின் விரல்கள் மரத்துப்போயின. ஆறு மணிக்கு மஞ்சளாக இரண்டு சொட்டு. அதைச் சிரிஞ்சுக்குள் இழுத்தாள்.

"இது எவ்வளவு?"

"கால் மில்லிகூட வராதுக்கா."

"நாளைக்குக் காலையில?"

"ஒவ்வொரு தடவையும் மூணு மில்லி வேணும்."

அக்கா தங்கையின் முகத்தையே பார்த்தாள். பிறகு எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"எந்த இடத்துல அழுத்தணும்னு காட்டு. எட்டு மணிக்கு நான் எடுக்கறேன். நீ சிரிஞ்சைப் பிடி."