இருபத்தாறாவது சுற்று

எங்கள் ஓட்டச் சங்கத்தில் என் மருமகனுக்குக் 'கடைசி பஸ்' என்று பெயர். யார் வைத்தது என்று தெரியவில்லை. பெயர் மட்டும் பொருத்தமானது. பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் என்றால் மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். மற்றவர்கள் முடித்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு வரும்போது அவர் ஓடிக்கொண்டிருப்பார். ஆனால் ஒருநாளும் பாதியில் விட்டதில்லை.

"கடைசி பஸ் வந்துடுச்சா? அப்ப கதவைப் பூட்டலாம்" என்பார் காவலாளி.

"சிரிங்கண்ணே. மொத பஸ்ஸை விட்டவன் யாரும் அழுறதில்ல. கடைசி பஸ்ஸை விட்டாத்தான் தெரியும்" என்பார் இவர், மூச்சு வாங்கிக்கொண்டே.

அவர் வேலை ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில். ஈரப் போர்வைகள் நிறைந்த தள்ளுவண்டியை இயந்திரத்திலிருந்து உலர்த்தும் அறைக்குத் தள்ளுவார். ஒரு வண்டி நூற்றுப் பத்துக் கிலோ; ஒரு முறைப்பணிக்கு நாற்பது வண்டி. அது முடிந்த பிறகுதான் ஓட வருவார். முப்பத்திரண்டாவது வயதில் சேர்ந்தார். அந்த வருடம் அவருடைய நேரம் நாற்பத்தொரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. இதை நினைவிலிருந்து சொல்லவில்லை; பதிவேடு என்னிடம் இருக்கிறது.

பதிவேடுகளோடுதான் என் வாழ்க்கை போயிற்று. குடிநீர் வாரியத்தில் முப்பத்தெட்டு வருடம் காலையும் மாலையும் நீர்மட்டம் குறித்தேன். ஆலயத்தில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், ஞாயிறு வருகை எல்லாம் என் கையெழுத்து. சங்கத்தில் சுற்று எண்ணும் வேலை. ஓட்டக்காரர் ஒவ்வொரு முறை கோட்டைக் கடக்கும்போதும் நேரத்தைத் தாளில் குறித்து, கடைசிச் சுற்று தொடங்கும்போது மணி அடிக்க வேண்டும். முன்னால் ஓடுபவருக்குப் பலகையில் எண் மாறும். பின்தங்கியவருக்குத் தாள் வைத்திருப்பவன் சொல்வதுதான் சட்டம்.

மருமகனுக்கு ஒரே ஓர் ஆசை. நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கான அணி ஒன்று ஆண்டுதோறும் வெளியூர்ப் போட்டிக்குப் போகும். தேர்வு ஓட்டத்தை முப்பத்தாறு நிமிடத்துக்குள் முடித்தால் அதில் இடம் உண்டு. அந்த அணிக்கான நீலச் சட்டைகளைத் தைப்பவள் என் மகள். வருடாவருடம் தைத்தாள், வீட்டுக்காரருக்கு ஒன்றுகூடத் தைக்க வாய்க்கவில்லை. அவரோ நாற்பது ஆகும் முன்பே அந்த நேரத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று உழைத்தார். ஐந்தாம் வருடம் முப்பத்தேழு நாற்பது. நாற்பது வயதில், முதல் தேர்வில், முப்பத்தாறு நிமிடம் நான்கு வினாடி.

"நாலு வினாடி, மாமா. ஒரு தும்மல்" என்றார் அன்று.

"அடுத்த வருஷம் தும்மாம ஓடுங்க மாப்ள" என்றேன்.

இதற்கிடையே என் மனைவிக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஆலயத்துக்குப் பத்தொன்பது படி. முதல் ஞாயிறு, யாரும் கேட்காமலே, மருமகன் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினார். அவள் கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன அத்தை, ஈரப் போர்வையைவிட நீங்க கனம் கம்மிதான்" என்றார்.

"போர்வை பேசாது. நான் பேசுவேன், கவனமா ஏறு" என்றாள் அவள்.

ஆறு வருடத்தில் இருநூற்றுத் தொண்ணூற்றேழு ஞாயிறுகள் அவளை அப்படித் தூக்கிப்போனார். ஆலயப் பதிவேட்டில் அவள் வருகையைப் பார்த்தே இந்த எண்ணைச் சொல்கிறேன்.

இனி அந்தத் தேர்வு ஓட்டம். அப்போது அவருக்கு நாற்பத்தொன்று, எனக்கு அறுபத்தெட்டு. பதினொரு பேர் ஓடினார்கள். மூன்று பேரின் தாள் என்னிடம். அவற்றில் ஒன்று மருமகனுடையது. வேண்டாம் என்று நானே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தப்பு செய்யாதவன் எதற்குப் பயப்பட வேண்டும் என்ற நினைப்பு.

பதினாறு சுற்று வரை அவர் அப்படி ஓடியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எண்பத்தைந்து, எண்பத்தாறு வினாடிக்கு ஒரு சுற்று. கடிகாரத்துக்குச் சாவி கொடுத்ததுபோல். பதினேழாவது சுற்றின் கடைசி வளைவில் இடது முழங்காலைப் பிடித்தார். நொண்டினார். கோட்டை நோக்கி வரும்போது முகம் கோணிவிட்டது. நான் கண்ணை மூடினேன். "ஆண்டவரே, இன்னும் எட்டுச் சுற்றுதான், அந்தக் கால் தாங்கட்டும்" என்று ஜெபித்தேன். ஜெபம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று தெரியாது. நான் அளக்காத நேரம் அது ஒன்றுதான். கண்ணைத் திறந்தபோது என் இன்னொரு ஓட்டக்காரர் எதிரே கடந்துகொண்டிருந்தார். அவர் நேரத்தை அவசரமாகக் குறித்தேன். மருமகன் கடந்ததைக் குறிக்கவில்லை. குறிக்கவில்லை என்பதும் உறைக்கவில்லை.

கால் தாங்கியது. ஜெபம் கேட்கப்பட்டது, கெடுத்தவன் ஜெபித்தவன்தான்.

என் மகள் வேலிக்கு வெளியே நின்று அவள் வழக்கப்படி எண்ணிக்கொண்டிருந்தாள். வலப்பக்கப் பையில் இருபத்தைந்து பட்டன். ஒரு சுற்றுக்கு ஒன்றை இடப்பக்கப் பைக்கு மாற்றுவாள். என் தாளின்படி இருபத்துநான்கு சுற்று முடித்து மருமகன் கோட்டுக்கு வந்தார். நான் மணியை அடித்தேன்.

"அப்பா! பட்டன் தீந்துடுச்சு! முடிச்சுட்டார், நிறுத்துங்க!" என்று கத்தினாள்.

"பேசாம இரு" என்றேன்.

மருமகன் மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓடினார். அவர் மறுபடி வரும் முன் பின்னால் இருந்த இருவரும் முடித்துவிட்டார்கள். இவர் வந்தபோது முப்பத்தேழு நிமிடம் பத்தொன்பது வினாடி. பதினோராவது இடம்.

வியர்வை பட்ட தாள்களைப் பார்த்து நல்ல பிரதி எழுதிக் கொடுப்பது எங்கள் வழக்கம். மேசையில் உட்கார்ந்து அதற்காகச் சுற்று நேரங்களைக் கழித்துப் பார்த்தேன். பதினேழாம் வரியில் இரண்டு நிமிடம் ஐம்பத்துமூன்று வினாடி என்று வந்தது. எந்த மனிதனும் ஒரு சுற்றை அப்படி ஓட முடியாது. அது இரண்டு சுற்று. அப்படியானால் நான் மணி அடித்த நொடியிலேயே அவர் ஓட்டம் முடிந்திருந்தது. அந்த நேரமும் தாளில் இருந்தது: முப்பத்தைந்து நிமிடம் ஐம்பத்தொரு வினாடி. ஒன்பது வினாடி மிச்சம். ஒன்பதாவது இடம். வாழ்க்கையில் முதல் முறையாக அவர் கடைசியில்லை.

அந்த நேரத்தில் மகள் மேசைக்கு வந்தாள். பட்டன்களை மேசைமேல் கொட்டினாள்.

"எண்ணிப் பாருங்கப்பா. இருபத்தஞ்சு. அவர் இருபத்தாறு ஓடியிருக்கார்."

தலைமை நடுவர், ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர், என் தோளில் கை வைத்தார். "தங்கச்சி, யானைக்கு அடி சறுக்கலாம். உங்கப்பாவுக்குப் பேனா சறுக்காது. முப்பத்தொரு வருஷமா பாக்குறேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாள் என் கைக்கு அடியில் இருந்தது. கையை எடுத்திருந்தால் போதும்.

"இது தையல்காரி கணக்கு. பட்டனைச் சட்டையில வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

மேசையைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஏழு பேர். அவள் பட்டன்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டு போனாள்.

முடிவு அறிவித்து முப்பது நிமிடத்துக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம் என்பது விதி. அந்த முப்பது நிமிடமும் நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நல்ல பிரதி எழுதினேன். முப்பத்தேழு பத்தொன்பதை இருபத்தைந்தால் வகுத்து, சுற்றுக்கு எண்பத்தொன்பது, தொண்ணூறு என்று நிரவிப் போட்டேன். அழகான தாள். அடித்தல் திருத்தல் இல்லை. மருமகன் கீழே உட்கார்ந்து முழங்காலில் ஈரத் துணி சுற்றிக்கொண்டிருந்தார்; ஆட்சேபம் எழுத வரவில்லை. முப்பதாவது நிமிடம் முடிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுவது அந்த மூச்சுக்காகத்தான்.

அடுத்த ஞாயிறு அவர் நொண்டிக்கொண்டே என் மனைவியைத் தூக்கிப் பத்தொன்பது படி ஏறினார். போதகர் பிரசங்கத்தில் அவரைக் காட்டி, தோற்றாலும் சோராத விசுவாசம் என்று பேசினார். நான் பின்வரிசையில் உட்கார்ந்து வருகை குறித்துக்கொண்டிருந்தேன். பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளைப் பலகை எனக்கு நேர் எதிரே தொங்கியது. அன்று முதல் தூணின் மறைவுக்கு இடம் மாறிக்கொண்டேன்.

முழங்காலை அறுவை செய்தார்கள். அதன்பின் அவர் முப்பத்தொன்பது நிமிடத்துக்குக் கீழே வரவேயில்லை. ஆனாலும் பதினாறு வருடம் ஒவ்வொரு தேர்விலும் ஓடினார். நீலச் சட்டை அவருக்குக் கிடைக்கவில்லை. மகளுக்கு ஒரு கேலிப்பெயர் கிடைத்தது. சங்கத்தில் யார் எதைத் தப்பாக எண்ணினாலும் "என்னப்பா, பட்டன் கணக்கா?" என்பார்கள். இப்போது சேரும் இளைஞர்களும் சொல்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

போன மாதம் ஐம்பத்தேழு வயதில் அவர் கடைசி ஓட்டம் ஓடினார். ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி செயலாளர் என்னிடம் கேட்டார். "எல்லா விவரமும் உங்ககிட்டதானே சார் இருக்கு" என்றார். இருந்தது. எந்தத் தாளையும் கிழித்துப் போட எனக்குக் கை வராது. அந்த வியர்வைத் தாள் பதினாறு வருடமாக நீர்மட்டக் குறிப்பேட்டுக்குள் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை மகள் வீட்டுக்குப் போனேன்.

மருமகன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். விரலால் வரி வரியாக இறங்கி, பதினேழில் நின்றார்.

"ரெண்டு நிமிஷம் அம்பத்துமூணா? நான் சலவை வண்டியையே இவ்வளவு மெதுவாத் தள்ளினதில்ல மாமா."

"மாப்ள, இது விளையாட்டு இல்ல. நான் ஒரு சுத்தை விட்டுட்டேன். தெரிஞ்சும் மறைச்சேன்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும் மாமா. ஒரு சுத்துக்கு ஒருத்தர்னு ஜெபம் பண்ணிக்கிட்டே ஓடுவேன். இருபத்தஞ்சு பேர். கடைசிச் சுத்து எப்பவும் அத்தைக்கு. அன்னிக்கு அத்தைக்கும் பண்ணி முடிச்சுட்டேன், அப்புறம் நீங்க மணி அடிக்கிறீங்க."

"ஏன் கேக்கல?"

"நீங்க கண்ணை மூடினதைப் பாத்துக்கிட்டேதான் வந்தேன். எனக்காக மூடின கண்ணு. அதைப் போய் எழுதிக் கொடுக்கவா?" தாளை என் பக்கம் தள்ளினார். "ஆனா நல்லவன்னு நெனச்சுடாதீங்க. அந்த இருபத்தாறாவது சுத்துல யாருக்கும் ஜெபம் இல்ல. உங்களைத் திட்டிக்கிட்டேதான் ஓடினேன். அதுதான் அன்னிக்கு வேகமான சுத்தா இருக்கும், பாருங்க."

"எண்பத்தெட்டு. இல்லை" என்றேன். அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை. கண்ணை மூடியதை அவர் மன்னித்துவிட்டார். அதற்குப் பிறகு பேனாவைத் திறந்ததைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்த அறையில் தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றிருந்தது. மகள் வாசலில் நின்றாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை.

"உன்கிட்டயும் மன்னிப்பு கேக்கணும்மா" என்றேன்.

"என்கிட்ட எதுக்குப்பா? எனக்கு அன்னிக்கே தெரியும்." குரலை உயர்த்தவில்லை. "அவர் நேரத்தை என்ன வேணா பண்ணிக்கோங்க. சங்கத்துல அந்தப் பேரு இருக்கே, பட்டன் கணக்கு. அது பொய்யின்னு அங்க இருக்கவங்களுக்குத் தெரியணும். எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. எல்லாரும் படிக்கிற இடத்துல எழுதுங்க."

அதனால்தான் மலருக்கான இந்தக் கட்டுரை இப்படி அமைந்தது. செயலாளர் தயங்கினார். "மருமகனைப் பத்தி நாலு நல்ல வார்த்தை போதுமே சார், இந்த வயசுல உங்களுக்கு இது எதுக்கு?" என்றார். சங்கப் பதிவேட்டை வாங்கி, பழைய எழுத்து தெரியும்படி சிவப்பு மையில் ஒரே கோடு போட்டேன். மேலே முப்பத்தைந்து ஐம்பத்தொன்று, ஒன்பதாம் இடம் என்று எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எண்ணியவர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டு மகள் பெயரை எழுதினேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை அவளிடம் காட்டினேன். கையில் பிடித்த துணியோடு நின்றபடியே கடைசி வரை படித்தாள்.

"ஒண்ணு தப்பு" என்றாள்.

"எது?"

"சிரிச்சவங்க ஏழு பேர்னு போட்டிருக்கீங்க. எட்டு. நீங்களும் சிரிச்சீங்க."

மேலே ஏழு என்று இருப்பதை எட்டு என்று வாசிக்கவும்.