எதிரிப்படை தூங்கிய நாள்

டீக்கடையில் டம்ளரைக் கையில் வாங்கும்போதுதான், கட்டிங் மாஸ்டர் சவரிமுத்து அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று சொன்னார்கள். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அனுப்பர்பாளையத்துப் பனியன் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் பெயரை என் கையால் எழுதுவது இதுதான் முதல் தடவை. துக்கத்திலும் அதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர். நாள் முழுக்க நின்றபடி துணி வெட்டுவார். சாயங்காலம் கால் வீங்கியிருக்கும். “ஒடம்பு முதலாளிக்கு, கத எனக்கு” என்பார்.

அவர் எங்களுக்குச் சொல்லும் கதையில் நாகமலைக் கோட்டை என்று ஒன்று உண்டு. கதவு மூடியிருக்கும்வரை ராஜாவுக்குச் சாவு இல்லை. அது ஒரு நாகம் கொடுத்த வரம். எதிரிப்படை கோட்டையை வளைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கிடக்கும். கடைசியில் கதவு உடையும். ராஜா நீளமாக ஒரு பேச்சுப் பேசிவிட்டுச் சாவார். அந்தப் பேச்சை மேடையில் பேசிவிட வேண்டும் என்பதுதான் அண்ணாச்சியின் ஆசை. வருஷக்கணக்காகக் கேட்டு, ஓர் ஆயுத பூஜைக்கு நாடகம் போட முதலாளியிடம் அனுமதி வாங்கினார்.

அட்டைப்பெட்டிகளை அடுக்கிக் கோட்டைச் சுவர் கட்டினோம். அவர் ராஜா. கம்பெனி வாட்ச்மேனான எனக்குக் கோட்டைக் கதவு வேஷம். “நீங்க நடிக்கவே வேண்டாம் ஐயா, சும்மா நின்னாப் போதும்” என்றார்.

தீபாவளிக்கு முன்னால் அனுப்ப வேண்டிய சரக்கு. எதிரிப்படையாக நடித்த டெய்லர்கள் எல்லாரும் விடிய விடியத் தைத்துவிட்டு வந்திருந்தார்கள். கதைப்படி அவர்கள் கோட்டைக்கு வெளியே படுத்திருந்து, முரசு கேட்டதும் எழுந்து கதவை உடைக்க வேண்டும். படுத்தார்கள். முரசு அடித்தது. ஒருவரும் எழவில்லை.

“ஏனுங்க ராஜா, படையெல்லாம் படுத்துருச்சுங்களே” என்று சூப்பர்வைசர் கீழேயிருந்து குரல் கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள்.

“எழுப்பட்டுங்களா அண்ணாச்சி?” என்று கேட்டேன்.

அவர் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எதிரிச் சேனாதிபதியாக நடித்த டெய்லர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். தூக்கத்திலும் அவர் விரல்கள் மெஷினுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டிருந்தன. அண்ணாச்சி கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

“வேண்டாம் ஐயா. கதவத் தொறங்க.”

திறந்தேன். யார் காலையும் மிதிக்காமல் வெளியே வந்தார். கிரீடத்தைக் கழற்றி வைத்தார். தோளில் இருந்த அங்கியை எடுத்துச் சேனாதிபதி மேல் போர்த்தினார்.

“ராஜா சாகலீங்களா?” என்றார் சூப்பர்வைசர்.

“தூங்குதவன் கையால எப்படிவே சாவ? மெதுவாப் பேசும்.”

சிரிப்பு அடங்கியது. நாடகம் அதோடு முடிந்தது. அடுத்த வருஷம் அனுமதி கிடைக்கவில்லை. பிறகு அவரும் கேட்கவில்லை. அந்தப் பேச்சைக் கடைசிவரை அவர் மேடையில் பேசவே இல்லை.

“வருத்தமில்லீங்களா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இருக்கு ஐயா. இல்லாம இருக்குமா? ஆனா அவனுவ மொகத்தப் பாத்தியளா?”

பார்த்தேன். அந்த முகங்களைத்தான் நான் மனசில் வைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வயதில் எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்த மருமகள், இப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்து சுவரில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். இரண்டு மூன்று எழுத்துகளில் எனக்குச் சந்தேகம். எழுப்பவில்லை. தெரிந்தபடி எழுதியிருக்கிறேன்.