மூன்றாம் முறை கூப்பிட்டால் திரும்புகிறவள்

முதலில் ஒரு விடுகதை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறைதான் திரும்பும். ஆனால் காது நன்றாகக் கேட்கும். நோட்டைத் தொலைக்கும், பென்சிலைத் தொலைக்கும், செருப்பில் ஒன்றைத் தொலைக்கும். ஆனால் அடுத்தவர் பொருளைத் தொடாது. கணக்கில் முதல் மூன்று சரி, நாலாவது பாதியில் நிற்கும். அடிக்காது, ஓடாது, கத்தாது. அதனால் யார் கண்ணிலும் படாது. அது என்ன?

விடை தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிய எட்டு மாதம் ஆயிற்று. இத்தனைக்கும் அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பள்ளி பள்ளியாகப் போய், படிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைத் தேடிப் பதிவுசெய்து உதவி வாங்கித் தரும் சிறப்பாசிரியர் வேலை. செல்போன் கோபுரம் மேல்மலைக்கு வந்துசேராத, இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. கொடைக்கானலில் காலை பஸ் ஏறி, வாந்தி எடுக்காமல் கவுஞ்சிப் பக்கம் இறங்கினாலே அன்றைய வேலையில் பாதி முடிந்த மாதிரி. மலைப்பள்ளிக்கு பஸ் ஏறிய சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மூன்று பெயர்

ஜூலையில் நான் முதன்முதலாகப் போன நடுநிலைப்பள்ளியில், தலைமையாசிரியர் பால்சாமி சார் பட்டியலைத் தயாராக வைத்திருந்தார். மூன்று பெயர், மூன்றும் பையன்கள். ஒருவன் பாடம் நடக்கும்போதே மரத்தில் ஏறுகிறவன். ஒருவன் கடிக்கிறவன். ஒருவன் இரண்டு நிமிடம் ஒரே இடத்தில் இருக்க மாட்டான். எல்லாப் பள்ளியிலும் பட்டியல் இப்படித்தான் உருவாகும். ஆசிரியருக்கு யார் சிரமம் கொடுக்கிறார்களோ, அவர்களே சிரமப்படும் பிள்ளைகள். நானும் மூன்று பேரையும் சோதித்து எழுதிக்கொண்டு, கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

எட்டாம் வகுப்பைத் தாண்டும்போது, ஜன்னலோரத்தில் ஒரு பெண் வெளியே பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அவள் நோட்டில் தேதி மட்டும் இருந்தது. பெயர் புவனா என்றார் சார். அவள் எப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலுக்கு நான் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அவர் சொன்னது: “அதுவா? அது தங்கம், டீச்சர். இருக்கிற எடமே தெரியாது.”

காது சோதனை

செப்டம்பரில் புவனாவின் அம்மா லெட்சுமி என்னைத் தேடிப் பள்ளிக்கே வந்துவிட்டார். பூண்டுக் காட்டில் களை எடுத்த கையைக்கூடக் கழுவவில்லை. “பிள்ளைக்குக் காது கேக்கலைங்க. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குது. நல்லாப் பாத்துச் சொல்லுங்க டீச்சரம்மா” என்றார்.

புவனாவைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். பின்னால் நின்று தீப்பெட்டியைக் குலுக்கினேன், கையைத் தூக்கினாள். சின்ன மணியை அடித்தேன், தூக்கினாள். ஐந்தடி தள்ளி நின்று, மூச்சுக்காற்றிலேயே அவள் பெயரைச் சொன்னேன், அதற்கும் தூக்கினாள். நாலாவது சோதனைக்கு அவள் கை எழவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால், சுவரில் ஊர்ந்த எறும்பு வரிசையோடு அவள் கண்ணும் ஊர்ந்துகொண்டிருந்தது.

காதில் கோளாறு இல்லை என்று எழுதினேன். அப்புறம் என்னதான் கோளாறு என்று புரியாமல் பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். கொடைக்கானலுக்குக் கடைசி பஸ் மேலே கடைசி ஊரான கிளாவரைக்குப் போய்த் திரும்பி வரும். அதை விட்டால் அன்றைக்கு ஊர் போய்ச் சேர முடியாது. எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை, சாருக்கும் கேட்கவில்லை. பஸ் வந்து நிற்க இன்னும் நாலு நிமிடம் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “டீச்சர், ஒங்க பஸ் வளைவுல திரும்பிருச்சு.”

கட்டம்

பஸ்ஸில் வரும்போது கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவளுக்குக் கேட்காமல் இல்லை, எல்லாமே கேட்கிறது. என் குரல், எறும்பு, தூரத்து பஸ் எல்லாம் ஒரே வரிசையில் நின்று அவளைக் கூப்பிடுகின்றன. எதற்கு முதலில் திரும்புவது என்று அவளுக்குள் யாரோ சொல்ல வேண்டும்; அந்த ஆள் மட்டும் அடிக்கடி லீவு போட்டுவிடுகிறார்.

இதை அலுவலகத்தில் என் மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் பதிவுப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். பார்வை, செவி, கை கால், மனவளர்ச்சி என்று நாலு கட்டம். புவனா நாலிலும் இல்லை. கட்டத்தில் பெயர் இல்லாத பிள்ளையை மருத்துவரிடம் அனுப்ப அவரால் கடிதம் தர முடியாது. கெட்ட மனிதர் இல்லை. எனக்காக இரண்டு முறை படிவத்தைப் புரட்டிக்கூடப் பார்த்தார். பிறகு சொன்னார்: “பிள்ளைய கட்டத்துக்குள்ள கொண்டாங்க டீச்சர். பிள்ளைக்காகக் கட்டம் போட எனக்கு அதிகாரம் இல்ல.”

தண்ணீர்க் கேன்

நவம்பரில் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே அழுகைச் சத்தம். லெட்சுமியின் குடும்பம், அவர் சிறுமியாக இருந்தபோதே இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டுக் கப்பலேறி வந்தது. இப்போது கணவனும் மனைவியும் கேரட், பூண்டுக் காடுகளில் தினக்கூலி. அன்று காலை காட்டில் பெண்கள் தாகமென்று கேட்க, புவனாவைத் தண்ணீர்க் கேன் எடுத்துவர அனுப்பியிருக்கிறார்கள். வரப்பில் இரண்டு கேன். ஒன்றில் குடிதண்ணீர். மற்றதில் பூச்சிமருந்து கலந்த தண்ணீர். ஏதோ ஒரு பறவையைப் பார்த்தபடி அவள் மருந்துக் கேனைத் தூக்கி வந்துவிட்டாள். ஒரு பெண் வாய் வரைக்கும் கொண்டுபோன பிறகுதான் வாடை அடித்திருக்கிறது.

“இனி பள்ளிக்கொடம் வேணாம்னுட்டாரு அவங்கப்பா” என்றார் லெட்சுமி. “திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுக்கு ஆள் எடுக்க ஏசண்டு வந்தாரு. பதிமூணு வயசுதான்னோம். பதினஞ்சுன்னு எழுதிக்கலாம்னாரு. மார்ச்சுல வேன் வருமாம். மெஷின்கிட்டயே நிக்கணுமாம். நூல் அறுந்தா கண்ண எடுக்காம பாத்து ஒட்டணுமாம்.” கேனுக்காவது வாடை இருந்தது. ஓடுகிற இயந்திரம் என்ன எச்சரிக்கை கொடுக்கும்?

புவனா உள்ளே மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவள் உடம்பில் அடி விழுந்த தடம் இல்லை என்று கவனித்தேன். காட்டில் இருந்தவர்கள் எல்லாரும் அடிக்கச் சொன்னார்களாம், லெட்சுமி அடிக்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: “சின்னதுல எங்கம்மாவோட தேயிலைக் கொழுந்தெடுக்கப் போவேன். என் செடி நெரைய வுட்டுட்டு எங்கனயோ போய் நிப்பேன். அடிச்சு அடிச்சுத்தான் திருப்புவாங்க. இவள அடிக்கக் கூடாதுன்னுதான் டீச்சரம்மா, காது கேக்கலன்னு ஒங்ககிட்ட வந்தேன்.”

ஜோசியம்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மதுரையிலிருந்து மனநல மருத்துவர் ஒருவர் கொடைக்கானலுக்கு வருவார் என்று கேள்விப்பட்டேன். கடிதம் இல்லாமலே பிப்ரவரியில் அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். புவனாவின் அப்பா ஒரே ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்: மில் வேலை இவளுக்கு ஆகாது என்று டாக்டர் எழுத்தில் கொடுத்தால் யோசிப்பார், இல்லையென்றால் வேன்தான்.

மருத்துவர் புவனாவோடு அரை மணி நேரம் பேசினார். எத்தனை வயதிலிருந்து இப்படி என்று லெட்சுமியைக் கேட்டார். ஒன்றாம் வகுப்பிலிருந்தே என்றார் லெட்சுமி. “ஏ.டி.எச்.டி., அதாவது கவனக் குறைபாடுன்னா துள்ளுற பையன்னுதான் எல்லாரும் நெனைக்கிறாங்க” என்றார் மருத்துவர். “துள்ளாத வகையும் ஒண்ணு இருக்கு. துள்ளுறவன ஆறு வயசுல இழுத்துட்டு வந்துர்றாங்க. இந்த மாதிரிப் பொண்ணுங்க வர்றதே இல்ல. சோம்பேறி, மக்குன்னு பேர் வாங்கிட்டு வீட்லயே இருந்துருதுங்க.”

அப்படியென்றால் எழுதிக் கொடுங்கள் என்று பேனாவையே நீட்டிவிட்டேன். அவர் வாங்கவில்லை. வீட்டில் ஒரு மாதிரி, பள்ளியில் ஒரு மாதிரி இருந்தால் காரணம் வேறாக இருக்கலாமாம். ரத்தச் சோகை, தூக்கக் குறைவு, பயம் எல்லாவற்றையும் பார்த்துக் கழித்த பிறகுதான் பெயர் வைக்க வேண்டுமாம். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். அம்மாவுக்கு ஒரு கேள்வித்தாள், ஆசிரியருக்கு ஒரு கேள்வித்தாள் கொடுத்தார். மார்ச்சில் அவர் வரும் சனிக்கிழமைக்குள் வேன் வந்துவிட்டால்? நான் கெஞ்சினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “அந்தத் தாள் ரெண்டும் இல்லாம நான் எழுதினா அது வைத்தியம் இல்லம்மா, ஜோசியம்.”

ரேங்க் கார்டு

கேள்வித்தாளோடு பால்சாமி சாரிடம் இன்னொன்றும் கேட்டேன். புவனாவை ஜன்னலோரத்திலிருந்து முதல் பெஞ்சுக்கு மாற்ற வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்ல வேண்டும். சொன்னதை அவளைத் திருப்பிச் சொல்லவைக்க வேண்டும். “எனக்கு அஞ்சு வகுப்புச் சோலி கெடக்கு டீச்சர்” என்று முனகினார். ஆனாலும் செய்தார். இரண்டு வாரத்தில் நாலாவது கணக்கு முடிந்தது. ஐந்தாவதும் முடிந்தது. ஆறாவதில் ஒரு குருவி வந்துவிட்டது.

பிறகு சார் தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியாக உரக்கப் படித்தார். நேராகப் பேசும்போதும் கேட்காதது போல் இருப்பாரா? ஆரம்பித்த வேலையை முடிக்காமல் விடுவாரா? பொருள்களைத் தொலைப்பாரா? ‘அடிக்கடி’, ‘அடிக்கடி’, ‘மிக அடிக்கடி’ என்று குறித்துக்கொண்டே போனவர், பாதியில் எழுந்து பீரோவிலிருந்து அவளுடைய பழைய ரேங்க் கார்டுகளை எடுத்து மேசையில் பரப்பினார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் சொன்னார்: “அஞ்சு வருஷமா ஒரே வரி எழுதியிருக்கேன் டீச்சர். ‘கவனம் தேவை’ன்னு. அத எனக்கே எழுதியிருக்கணும்.”

வேன்

மார்ச்சில் மருத்துவர் வரும் சனிக்கிழமை. வெள்ளனே பஸ்ஸில் வந்து இறங்கினால், பஸ் நிறுத்தத்தில் வெள்ளை வேன் நிற்கிறது. நான் வந்த பஸ் கிளாவரைக்குப் போய்விட்டது. திரும்பி வர அரைமணி ஆகும். வேனுக்குள் ஏற்கெனவே நாலு பெண்கள். வெளியே புவனா, துணிப்பையோடு. பக்கத்தில் லெட்சுமி, கையில் மடித்த கேள்வித்தாள் இரண்டோடும் ரத்தப் பரிசோதனைச் சீட்டோடும்.

“அவரு வேனுங்கிறாரு, நான் பஸ்ஸுங்கிறேன். முந்தாநாளுலருந்து வீட்ல இதே சண்டை” என்றார் லெட்சுமி. “விடிஞ்சதும், ‘அவளையே கேட்டுக்க, அவ எதுல ஏறுனாலும் சரி’ன்னுட்டுக் காட்டுக்குப் போயிட்டாரு.”

இருபது நிமிடமாகக் காத்திருந்த ஏஜெண்ட் வாட்சைத் தட்டினார். “வெரசாச் சொல்லும்மா. நல்ல சாப்பாடு, வாராவாரம் சினிமா. இந்த மலையில குளுருல கெடந்து என்ன பண்ணப் போற?” வேனுக்குள்ளிருந்து ஒரு பெண், “ஏ புவனா, என் பக்கத்துல எடம் போட்டிருக்கேன், வா” என்று கூப்பிட்டாள். புவனா அவளைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அவள் முகம் மெதுவாக மலைப்பக்கம் திரும்பியது. எனக்குத் தெரிந்த முகம் அது. போய்விட்டாள். அவளுக்காக எட்டு மாதமாக நடந்த அத்தனைக்கும் அந்த ஒரு நிமிடத்தில் அவளிடம் பதில் கேட்கப்படுகிறது. அவள் அங்கே இல்லை.

“புவனா” என்றேன். திரும்பவில்லை. “புவனா.” ஏஜெண்ட் சிரித்தார். “இதுக்குத்தான் டாக்டரா? இது செவிடும்மா” என்று சொல்லிக்கொண்டே அவள் துணிப்பையைப் பிடித்து வேன் பக்கம் இழுத்தார். பை அவர் கைக்குப் போயிற்று. லெட்சுமி என் கையைப் பிடித்தார். மூன்றாம் முறை நான் கூப்பிடவில்லை. அதற்கு முன்பே புவனா தானாகத் திரும்பினாள். அவர் கையிலிருந்து பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள்: “டீச்சர், நம்ம பஸ் வளைவுல திரும்பிருச்சு.”

எட்டு மாதமாக நான் தேடிய விடை, நாலு நிமிடம் கழித்து வந்த பஸ்ஸில் ஏறி, முன்சீட்டு காலியாக இருந்தும் பின்னால் போய் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தது.