ஜெனரல் ஷிப்டுக் கடிதம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆவடியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஒரு ஜூன் மாதம் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷத்துலேர்ந்து நீங்கதான் கவுன்சலர்" என்றார். படிப்பில் பின்தங்கும் பிள்ளைகளிடம் பேச வேண்டும், காரணம் கண்டுபிடிக்க வேண்டும், பெற்றோரைப் பார்க்க வேண்டும். பயிற்சி மூன்றே நாள். அறை என்று கொடுத்தது மாடிப்படிக்குக் கீழே, சுருட்டிய தேசப்படங்களைச் சாத்தி வைத்திருந்த இடம். தெரிந்தவர்கள் அதை நகராட்சிக் கவுன்சிலராக்கி, "எந்த வார்டு டீச்சர்?" என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் திமிர் ஏறியிருந்தது. பிள்ளைகளின் மனசு என்ன பெரிய மனசு, ஒரு கணக்கு மாதிரிதானே என்று நினைத்தேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் தொழிற்சாலைக் குடியிருப்புகளிலிருந்து வந்தவர்கள். அப்பாக்களுக்கு ஒரு வாரம் காலை ஷிப்டு, ஆறிலிருந்து இரண்டு வரை. அடுத்த வாரம் மதிய ஷிப்டு, இரண்டிலிருந்து பத்து. திங்கட்கிழமை ஆனால் மாறும். பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. பொதுத்தேர்வு முடியும்வரை அப்பாவுக்கு வாராவாரம் மாறாத ஜெனரல் ஷிப்டு, காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை, கொடுக்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து கடிதம் எழுதலாம். அதிகாரிகளும் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். யாருக்கு எழுதுவது என்று முடிவு செய்து கையெழுத்துப் போடுவது இப்போது என் வேலை.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். வாராந்தர டெஸ்டில் ஒரு வாரம் ஐம்பதுக்கு நாற்பத்தைந்து, அடுத்த வாரம் ஏழு. மறுபடி நாற்பத்து மூன்று, மறுபடி ஒன்பது. கூப்பிட்டு உட்கார வைத்து எதைக் கேட்டாலும் "ஒண்ணுமில்ல மிஸ்" என்பாள். சரி, வாயால் வராததைக் கணக்கால் எடுப்போம் என்று ஒரு தாளில் கோடு போட்டேன். டெஸ்டு நடப்பது திங்கட்கிழமை காலை. ஒவ்வொரு திங்களும் அவளிடம், "இந்த வாரம் அப்பாவுக்கு எந்த ஷிப்டு?" என்று கேட்டு மார்க்குக்குப் பக்கத்தில் குறித்தேன். மார்க் நிறைய வந்த வாரமெல்லாம் காலை ஷிப்டு. அதாவது, சாயங்காலம் அப்பா வீட்டில் இருக்கிற வாரம். விடை கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

"அப்பா பக்கத்துல இருந்தா நீ நல்லா படிக்கிற. ஜெனரல் ஷிப்டுக்கு லெட்டர் எழுதிடறேன்" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "வேணாம் மிஸ்."

"கூச்சப்படாதே."

"லெட்டர் வேணாம் மிஸ்" என்று இரண்டாம் முறையும் சொன்னாள். ஆரம்பத்தில் பிள்ளைகள் உதவியை மறுப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அன்று மாலையே கடிதம் போய்விட்டது.

பத்து நாளில் அவள் அப்பா ஒரு டப்பா லட்டோடு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, அவ்வளவு பணிவு. "ரொம்ப தேங்க்ஸ் மிஸ். இனிமே சாயங்காலமானா ஊட்லதான் கீறேன். பொண்ணு பக்கத்துலயே குந்திகினு படிக்க வெக்கிறேன்" என்றார். தலைமையாசிரியர் ஒரு லட்டு எடுத்துக்கொண்டார். நானும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது.

அடுத்த டெஸ்டில் ஏழு. அதற்கடுத்து நாலு. மூன்றாவது வாரம் அவள் பேரை மட்டும் எழுதி வெறும் தாளைக் கொடுத்தாள். சாயங்காலம் அறைக்குக் கூப்பிட்டேன். பேசிக்கொண்டிருக்கும்போதே நாலரை மணிக்கு ஃபேக்டரி சங்கு ஊதியது. அவள் சட்டென்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். சட்டைக் கை மேலேறியதில் முழங்கைக்கு மேல் பெல்ட் பக்கிளின் சதுரத் தடம் தெரிந்தது. ஒன்று ஆறியிருந்தது, இன்னொன்று புதுசு.

"அப்பா வீட்ல இருந்த வாரமெல்லாம் நல்லாத்தானே எழுதினே?" என்று நான் குழறினேன். அந்த நேரத்திலும் எனக்கு என் தாள்தான் பெரிதாக இருந்தது.

அவள் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "திங்கக்கிழமை டெஸ்டுக்கு அதுக்கு முந்தின வாரம்தானே மிஸ் படிக்கணும்."

மார்க் நிறைய வந்த டெஸ்டுகளுக்கு முந்தின வாரங்களில் அவருக்கு மதிய ஷிப்டு. பத்து மணிக்குமேல் அவர் வரும்போது அவள் படித்து முடித்துப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். இரண்டு வாரத்துக்கு ஒரு வாரம் அவளுக்கு மூச்சுவிடக் கிடைத்தது. அந்த வாரத்தையும் பிடுங்கி, பள்ளி முத்திரை குத்தி, நான்தான் அவர் கையில் கொடுத்திருந்தேன்.

தலைமையாசிரியரிடம் ஓடினேன். கடிதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். "காரணம் என்னன்னு எழுதுவீங்க? அப்பா அடிக்கிறார்னா? எந்த அப்பாதாம்மா அடிக்கல?" என்று ஃபைலை மூடினார். அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

மறுநாளிலிருந்து அவள் ஒருத்திக்காக ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பித்தேன். மாடி வகுப்பறையில் இருட்டும்வரை கணக்குப் போட்டோம். இரண்டு நாள் நடந்தது. மூன்றாம் நாள் சங்கு ஊதிக் கால் மணி நேரத்தில் ஒரு சைக்கிள் வந்து கேட்டில் நின்றது. நான்தான் இறங்கிப் போனேன். அவர் கைகூப்பிச் சிரித்தார்.

"இன்னா மிஸ், இவ்ளோ நேரம் கிளாஸு? அனுப்புங்க."

"பரீட்சைக்கு ரொம்பப் படிக்க வேண்டியிருக்கு."

"நான் படிக்க வெக்கிறேன் மிஸ். அப்பன் பக்கத்துல இருந்தாதான் படிக்கும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க" என்றார். சிரிப்பு மாறவே இல்லை.

அதற்குள் அவளே புத்தகங்களை எடுத்துவைத்துக்கொண்டு இறங்கி வந்திருந்தாள். "வரேன் மிஸ்" என்று சொல்லிவிட்டு கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். பொதுத்தேர்வுக்கு இன்னும் நாலு மாசம் இருந்தது.